பஞ்சு நன்றாகத்தான் இருந்தது

மூன்றாம் நாள் காலையில் செல் வளர்ப்பு அறையைப் பார்த்துக்கொள்கிற பெண் கூப்பிட்டாள். "அக்கா, உங்க பஞ்சைக் காணோம்."

காணோம் என்றால்? மூடி போட்ட தட்டு, 37 டிகிரி இன்குபேட்டர், பூட்டிய அறை. யார் எடுத்துக்கொண்டு போவார்கள்? கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். 24 குழித் தட்டு. முதல் நாள் ஒவ்வொரு குழியிலும் கொலாஜன் என்ற புரதத்தில் நாங்களே செய்த, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளைப் பஞ்சை வைத்து, அதன்மேல் தோலிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை விட்டிருந்தோம். இப்போது குழிகளில் செல்களுக்கு உணவாக ஊற்றும் இளஞ்சிவப்பு மீடியம் மட்டும்தான் இருந்தது. நாலைந்து குழிகளில் சளி மாதிரி ஏதோ மிதந்தது. பிபெட் நுனியால் தொட்டேன். நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

இதற்கு முந்தைய தொகுதியில் செய்த பஞ்சு இதே இன்குபேட்டரில் மூன்று வாரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"மீடியம் கலர் மாறல. கன்டாமினேஷன் இல்ல. ரெண்டு தடவை மைக்ரோஸ்கோப்ல பாத்துட்டேன்" என்றாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. என் முதல் கேள்வி எந்தப் பக்கம் பாயும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மேசைக்குத் திரும்பி அந்தத் தொகுதியின் கோப்பைப் பிரித்தேன். எல்லாமே தேர்ச்சி. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படத்தில் துளைகள் அத்தனை சீராக, தேன்கூடு போல இருந்தன; ஏதாவது ஓர் இதழின் அட்டைக்கு அனுப்பலாம். ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம், கொலாஜனில் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒற்றைச் சங்கிலிகளின் இரண்டு ஆல்ஃபா பட்டைகள், அதற்கு மேலே இரட்டையாகப் பிணைந்த பீட்டா, அதற்கும் மேலே மூன்றாகப் பிணைந்த காமா, பாடப்புத்தகத்தில் போட்டிருப்பதைப் போலவே. ஈரப்பதம், எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு), உலோக எச்சம் எல்லாம் வரம்புக்குள். கடைசிப் பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து.

இந்தப் பதிவு அந்தக் கையெழுத்தைப் பற்றியது. நான் சரிபார்த்தது என்ன, சரிபார்க்காமல் விட்டது என்ன என்று பிறகு ஒரு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கொலாஜனை வைத்து வேலை செய்கிற யாராவது படித்தால் அந்த ஒரு மாதம் மிச்சமாகும்.

கொலாஜன் எப்படி இருக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு அது. முச்சுருள் என்று எழுதுகிறார்கள். எனக்கு முப்புரி என்ற சொல்தான் பிடித்திருக்கிறது. முறுக்கும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஒவ்வொரு புரியிலும் ஆயிரத்துக்குச் சற்று அதிகமான அமினோ அமிலங்கள். அவற்றில் மூன்றில் ஒன்று கிளைசின். அது தற்செயல் இல்லை. மூன்று புரிகளும் நெருங்கிப் பின்னிக்கொள்ளும்போது நடுவில் இருக்கிற இடம் மிகக் குறுகல். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின்தான் அங்கே நுழையும். ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வந்தே ஆக வேண்டும். மற்ற இரண்டு இடங்களில் புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் அதிகம் உட்காரும். கயிற்றின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் தடித்த சணலாக அதை நினைத்துக்கொண்டால் நீளம் முப்பது சென்டிமீட்டர் வரும்.

இந்த மூன்று புரி அமைப்பை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து முன்வைத்தவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிர் பாய்ச்சி எடுத்த படங்கள் அவர்களுக்கு உதவின. அடுத்த ஆண்டே அவர்களும், வேறிடத்தில் அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும், அதைச் சுருளுக்குள் சுருளாகத் திருத்தினார்கள். கல்லூரியில் இதைப் பெருமையாகப் படித்தோம், தேர்வில் எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம். கயிறு இருக்கிறது என்று படித்த எனக்கு, கையிலிருக்கிற பஞ்சில் அந்தக் கயிறு இன்னும் முறுக்கோடு இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை.

முறுக்குப் பிரிந்துவிட்டால் என்ன ஆகும்? மூன்று புரிகளும் தனித்தனியாக, தாறுமாறாகக் கிடக்கும். அதற்குப் பெயர் ஜெலட்டின். கவனிக்க வேண்டியது இதுதான்: பிரிவதற்கு எந்த வலுவான வேதிப் பிணைப்பும் அறுபட வேண்டியதில்லை. அதே அமினோ அமிலங்கள், அதே வரிசை, அதே எடை. மாறியிருப்பது வடிவம் மட்டுமே.

இப்போது என் கோப்பை மறுபடி புரட்டுங்கள்.

ஹைட்ராக்சிபுரோலின் சோதனையில் மாதிரியை ஆறு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் ராத்திரி முழுக்க வேகவைத்துத் தனித்தனி அமினோ அமிலங்களாக உடைத்துவிட்டு எண்ணுகிறோம். கொலாஜனும் ஜெலட்டினும் அங்கே ஒன்றேதான். வீட்டை இடித்துச் செங்கல்லை எண்ணிவிட்டு, கட்டடம் நேராகத்தான் நின்றது என்று சான்றிதழ் கொடுத்த மாதிரி.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் பார்ப்பது துளைகளை. அந்தத் துளைகள் கூழை உறையவைத்தபோது வளர்ந்த பனிப் படிகங்கள் விட்டுப்போன இடம். ஜெலட்டினைக் கரைத்து அதே வேகத்தில் உறையவைத்து உலர்த்தினால் அதே தேன்கூடு வரும். பிறகு செய்தும் பார்த்தேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குழுவில் யாராவது எது எது என்று சொல்லுங்கள் பார்க்கலாம் என்றேன். ஒருவர் சரியாகச் சொன்னார். எப்படி என்று கேட்டதற்கு, "கெஸ் பண்ணேன்" என்றார்.

ஜெல் விஷயம்தான் எனக்கு இன்றுவரை கசக்கிறது. மாதிரியை ஜெல்லில் ஏற்றுவதற்கு முன் எஸ்டிஎஸ் கலந்து கொதிக்கவைக்கிறோம். எஸ்டிஎஸ் ஒரு கடுமையான சோப்பு. அதோடு கொதிக்கவும் வைத்தால் எந்த முறுக்கும் நிற்காது. முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய பொருளை, முதலில் நானே பிரித்துப்போட்டுவிட்டு, பிறகு பார்த்திருக்கிறேன். ஜெல் சொல்வது புரிகள் துண்டு துண்டாக அறுபட்டிருக்கின்றனவா என்பதை மட்டும். அறுபட்டிருந்தால் பட்டைகள் மங்கிக் கீழே இழுத்த மை போல ஆகும். முறுக்கு பிரிந்து, புரிகள் முழுதாக இருந்தால் ஜெல் அழகாகவே இருக்கும். என்னுடையது அழகாகவே இருந்தது.

முறுக்கு பிரிந்தால் என்ன நஷ்டம், ஜெலட்டினும் புரதம்தானே என்று கேட்கலாம். முழுக் கயிற்றை நம் உடலில் வெட்டக்கூடிய நொதிகள் மிகக் குறைவு. கொலாஜனேஸ் வகை நொதிகள் மட்டும் ஒரே ஓர் இடத்தில், நீளத்தில் முக்கால் பாகம் தள்ளி, வெட்டும். அங்கே வெட்டியதும் இரண்டு துண்டுகளும் உடல் வெப்பத்தில் தானாகப் பிரிந்துபோகும். அதன் பிறகு ஜெலட்டினேஸ்கள் வந்து மிச்சத்தை முடிக்கும். ஏற்கெனவே பிரிந்து கிடக்கும் பஞ்சுக்கு இந்த முதல் பூட்டே கிடையாது. வளர்ப்புத் தட்டில் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஜெலட்டினேஸைச் சுரந்துகொண்டிருக்கும். என் பஞ்சு அவற்றுக்குத் தீனி ஆகிவிட்டது.

செல்கள் பற்றுகிற விதமும் மாறும். முறுக்கிய கயிற்றில்தான் சில பிடிமானங்கள் உண்டு. முறுக்கு போனால் அவை மறைந்து, உள்ளே ஒளிந்திருந்த வேறு பிடிமானங்கள் வெளியே தெரியும். ரத்தத் தட்டணுக்களும் அப்படித்தான்: முப்புரியைக் கண்டால் கிளர்ந்தெழும், ஜெலட்டினை ஏறெடுத்தும் பார்க்காது. ரத்தக் கசிவை நிறுத்த என்று கொலாஜன் பஞ்சு செய்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, எப்படி அளப்பது? எங்களிடம் இருந்த பழைய வழி டிரிப்சின் என்ற, புரதத்தை வெட்டும் நொதி. முறுக்கோடு இருக்கும் கொலாஜனை டிரிப்சினால் ஒன்றும் செய்ய முடியாது. அதன் வாய்க்குள் அந்தக் கயிறு நுழையாது. பிரிந்த புரி என்றால் வெட்டித் தள்ளிவிடும். ஆகவே மாதிரியை டிரிப்சினில் ஊறவைத்து, சுழற்றி, மேலே தெளிந்த நீரில் எவ்வளவு கொலாஜன் வந்திருக்கிறது, அடியில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பிரித்து அளந்தால், பிரிந்த பங்கு தெரிந்துவிடும். பக்கத்தில் டிரிப்சின் போடாத ஒரு சோடிக் குழாயும் வேண்டும். தானாகக் கரைந்து வந்ததைக் கழிக்க அது.

அந்த அளவைக்கு ஹைட்ராக்சிபுரோலின் சோதனையேதான். திட்டிக்கொண்டே அதனிடம் திரும்பப் போனேன். சோதனையில் குற்றமில்லை, நான் கேட்ட கேள்வியில்தான். வேகவைத்த மாதிரியில் குளோரமின்-டி விட்டு இருபது நிமிடம், பிறகு எர்லிக் கரைசல் விட்டு 60 டிகிரி நீரில் வைக்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு குழாயின் ஓரத்தில் ஒரு மஞ்சள், அது ஆரஞ்சாகி, மெதுவாக ரோஜா நிறமாகும். எந்தக் குழாய் அதிகச் சிவப்போ அதில் கொலாஜன் அதிகம். மெஷினில் 560 நானோமீட்டரில் படிப்பதற்கு முன்பே கண்ணுக்குப் பதில் தெரிந்துவிடும்.

அன்று சாயங்காலம் வரிசையாக நிறுத்தியிருந்தேன். பழைய நல்ல தொகுதி: மேல்நீர்க் குழாய் வெளிறிப்போய், அடிக்குழாய் நல்ல ரோஜா. கரைந்துபோன தொகுதி: நேர் எதிர். மேல்நீர் பளீரென்று சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் அந்த ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல் வளர்ப்பு அறைக்குப் போன் செய்து, "உன் மேல தப்பில்லம்மா" என்றேன். "தெரியும்கா" என்றாள்.

எங்கே பிரிந்தது என்பது அடுத்த கேள்வி. எங்கள் வழி இது: தசைநாணிலிருந்து சுத்தம் செய்த கொலாஜன் நாரை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் குளிரில் ஊறவைப்போம். அது உப்பிக் கூழாகும். பிளேடு சுழலும் ஹோமோஜெனைசரில் அடிப்போம். அச்சில் ஊற்றி உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்துவோம். பிறகு வெற்றிட அடுப்பில் 105 டிகிரியில் ஒரு நாள் வைத்து, புரிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு ஏற்படுத்துவோம். கடைசியில் கிருமிநீக்கம்.

எல்லோரும் அடுப்பைத்தான் சந்தேகப்பட்டோம். 105 டிகிரி! ஆனால் தண்ணீர் இல்லாத கொலாஜன் ஆச்சரியமாகத் தாங்கும். முறுக்கு பிரிவதற்குத் தண்ணீர் துணை வேண்டும். நன்றாக உலர்ந்த நார் நூறு டிகிரியைத் தாண்டியும் பெரும்பகுதி தாக்குப்பிடிக்கும், ஈரம் மிச்சமிருந்தால்தான் வினை. கொஞ்சம் சேதம் அடுப்பிலும் உண்டு, பழைய தொகுதியிலும் அது இருந்தது. இவ்வளவு இல்லை.

ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்துவைத்திருந்த சில்லறை மாதிரிகள் ஃப்ரீசரில் கிடந்தன. (இதற்கு முழுப் பெருமையும் எங்கள் கருவி அறை அண்ணனுக்கு. எதையும் தூக்கிப்போட மாட்டார். நானும் பலமுறை இதற்காக அவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.) எல்லாவற்றையும் உலர்த்தி, டிரிப்சினில் போட்டேன். ஊறவைத்த நார்: நன்றாக இருந்தது. அடித்த கூழ்: போயே போய்விட்டது. அடுப்பும் கிருமிநீக்கமும் வருவதற்கு வெகு முன்னாலேயே கதை முடிந்திருந்தது.

ஹோமோஜெனைசர் பாத்திரத்தைச் சுற்றிப் பனிக்கட்டி வைத்திருந்தோம். பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய வெப்பமானி 8 டிகிரி காட்டியதாகக் குறிப்பேட்டிலும் இருக்கிறது. ஆனால் அந்த முறை தேவை அதிகம் என்று பெரிய பாத்திரத்தில், கூழைக் கெட்டியாக வைத்து, நேரத்தையும் கூட்டி அடித்திருக்கிறோம். "வெளிய ஐஸ் இருக்கு சரி, நடுவுல என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அண்ணன். கெட்டிக் கூழில் வெப்பம் எளிதில் பரவாது. வெப்பம் அளக்கும் ஒரு மெல்லிய தெர்மோகப்பிள் கம்பியை பிளேடுக்குப் பக்கத்தில் போகிற மாதிரி கட்டி, அதே அளவில் மறுபடி அடித்துப் பார்த்தோம். சுவரில் 9. பிளேடு அருகே 43.

நல்ல நார் நடுநிலையான உப்புக் கரைசலில் 60 டிகிரி வரை அசையாது. நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள் தோளோடு தோள் நெருக்கி அடுக்கியிருப்பதால் வருகிற பலம் அது. அமிலத்தில் உப்பியதும் அந்த நெருக்கம் போய்விடுகிறது. தனியாகக் கரைந்த மூலக்கூறோ 40 டிகிரியை எட்டுவதற்குள்ளேயே பிரிந்துவிடும். 2002இல் செர்ஜி லெய்கினின் குழு இன்னும் ஒரு படி மேலே போய், மனித முதல்வகைக் கொலாஜனின் தனி மூலக்கூறு நம் உடல் வெப்பத்திலேயே நிலையற்றது என்று காட்டியது. போதுமான நேரம் கொடுத்தால் பிரிந்தே தீரும். அதைப் படித்தபோது கொஞ்சம் தலை சுற்றியது. நம்மைக் கட்டி நிறுத்தியிருக்கிற புரதம் தனியாக விட்டால் நம் சூட்டையே தாங்காது. அதை நான் 43 டிகிரியில் பிளேடால் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் டிரிப்சினை நம்பி அடுத்த தொகுதிகளைத் தேர்ச்சி போடத் தொடங்கியபோது இன்னொரு ஓட்டை தெரிந்தது. டிரிப்சின் வெட்டுவது லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்குப் பக்கத்தில். குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளால் செய்யும் குறுக்குப் பிணைப்பு எதைப் பிடித்துக்கொள்கிறது? லைசினை. எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமிநீக்கம் செய்தால் அது போய் ஒட்டுவது? அதே லைசினில். ஆகவே நன்றாகப் பிணைத்த பஞ்சில் முறுக்கு பிரிந்திருந்தாலும் டிரிப்சினுக்கு வெட்ட இடம் கிடைக்காமல் போகலாம். வெட்டினாலும், துண்டுகள் பிணைப்பில் தொங்கிக்கொண்டு வெளியே வராமல் இருக்கலாம். சேதம் குறைவு என்று எண் வரும். மூட்டுக் குருத்தெலும்பில் சிதைந்த கொலாஜனை அளக்க 1997இல் ஒரு டச்சுக் குழு ஆல்ஃபா கைமோடிரிப்சின் என்ற இன்னொரு நொதியைப் பயன்படுத்தியிருந்தது. அது வேறு அமினோ அமிலங்களில் வெட்டும் என்பதால் லைசின் தொல்லை அதற்கு இல்லை. துண்டு வெளியே வர வேண்டும் என்ற தொல்லை அதற்கும் உண்டு.

அப்போதுதான் ஒட்டும் பெப்டைடு, அதாவது ஒட்டும் குட்டி அமினோ அமிலச் சங்கிலி, பக்கம் போனேன். கொலாஜன் ஹைப்ரிடைசிங் பெப்டைடு என்று பெயர்; சிஎச்பி என்று சுருக்கிச் சொல்கிறோம். யூட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் யூவின் குழு வளர்த்தெடுத்த முறை. கிளைசின், புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் மூன்றும் திரும்பத் திரும்ப ஒன்பது முறை வருகிற ஒரு குட்டிப் புரி. அதன் நுனியில் ஒளிரும் சாயம். முறுக்கோடு இருக்கும் கொலாஜனில் அதற்கு இடம் இல்லை. பிரிந்த புரிகளைக் கண்டால் போய் அவற்றோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். துணை இழந்த புரிக்குத் துணையாகப் போகிற புரி. ஊறவைத்து, கழுவி, விளக்கடியில் பார்த்தால் சேதம் இருக்கிற இடம் பச்சையாக ஒளிரும். எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் தெரியும். 2017இல் இதை வைத்து எலியின் வால் தசைநாணை இழுத்து, இழுக்க இழுக்க மூலக்கூறு மட்டத்தில் சேதம் கூடுவதைக் காட்டினார்கள். தசைநாண் அறுவதற்கு முன்பே உள்ளே முறுக்குப் பிரியத் தொடங்குகிறது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதில் நான் வழுக்கி விழுந்தேன். அந்தப் பெப்டைடுகளும் முப்புரி ஆகும் குணம் உள்ளவைதானே? பாட்டிலில் சும்மா இருக்கும்போது தங்களுக்குள்ளேயே மூன்று மூன்றாக முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொண்ட பெப்டைடு எதிலும் ஒட்டாது. ஆகவே உபயோகிப்பதற்குச் சற்று முன் 80 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கிப் பிரிக்க வேண்டும். சூடாகவே பஞ்சின்மேல் ஊற்றினால் அந்தச் சூடே பஞ்சைக் கெடுத்துவிடும். எனவே பனிக்கட்டியில் ஒரு நிமிடம் போல வைத்துக் குளிரவைக்க வேண்டும். குளிர்ந்ததும் தாமதிக்காமல் விட வேண்டும். தாமதித்தால் மறுபடி தங்களுக்குள் முறுக்கிக்கொள்ளும்.

முதல் தடவை. சூடாக்கினேன், பனிக்கட்டியில் வைத்தேன், போன் வந்தது. பேசிவிட்டு வந்து ஊற்றினேன். ராத்திரி முழுக்க குளிரறையில் ஊறியது. காலையில் கழுவிவிட்டுப் பார்த்தால் படம் முழுக்கக் கும்மிருட்டு. ஒரு பச்சைப் புள்ளி கிடையாது. சேதமே இல்லாத பஞ்சு! ஏறக்குறைய ஒரு மணி நேரம் உலகத்திலேயே மிகச் சிறந்த கொலாஜன் பஞ்சைச் செய்தவளாக நான் இருந்தேன். பிறகு வேண்டுமென்றே வெந்நீரில் கெடுத்து வைத்திருந்த ஒப்பீட்டுத் துண்டைப் பார்த்தேன். அதுவும் கும்மிருட்டு. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். போன் எத்தனை நிமிடம் பேசினேன் என்று பார்த்தேன்: இருபத்தாறு.

கெடுத்த துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைக்காமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. இன்னொரு பக்கத்தில், அதே அமினோ அமிலங்களை வரிசை குலைத்துக் கட்டிய போலிப் பெப்டைடும் வேண்டும். பஞ்சு என்பதே துளைகள். சாயம் சும்மா துளையில் சிக்கிக்கொண்டும் ஒளிரும். போலி எவ்வளவு ஒளிர்கிறதோ அதைக் கழித்தால்தான் உண்மை. எண்ணாக வேண்டும் என்றால், கழுவிய பஞ்சைப் புரோட்டினேஸ்-கே என்ற நொதி போட்டு முழுக்கக் கரைத்து, கரைசலின் ஒளிர்வைப் படித்து, கொலாஜன் எடையால் வகுத்துக்கொள்ளலாம்.

ஜெலட்டின் குளிரில் பகுதி பகுதியாக மறுபடி முறுக்கிக்கொள்ளும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். பழையபடி நேர்த்தியாக இல்லை. அங்கங்கே மூன்று புரிகள் கண்டபடி கோத்துக்கொள்ளும். ஜெலட்டின் கரைசல் குளிர்ந்தால் கட்டியாவது இதனால்தான். ஆகவே சேதமான கூழை ஒரு வாரம் குளிரறையில் வைத்துவிட்டு அளந்தால், அது தேறிவிட்ட மாதிரி எண் காட்டும். 37 டிகிரிக்குப் போனதும் குட்டு வெளிப்பட்டுவிடும். இப்போது அளப்பதற்கு முன் மாதிரி எத்தனை நாள் எந்தக் குளிரில் இருந்தது என்று தாளில் எழுதுகிறோம்.

மற்ற முறைகளும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கரைசலாக இருந்தால் சர்க்குலர் டைக்ராயிசம் என்ற ஒளி அளவை நல்லது: முப்புரி இருந்தால் 221 நானோமீட்டர் பக்கம் ஒரு சின்ன மேடு வரும், பிரிந்தால் மேடு காணாமல் போகும். பஞ்சுக்கு அது உதவாது. டிஎஸ்சி எனக்குப் பிடித்தது. ஈரமான துண்டை மெல்லச் சூடாக்கி, முறுக்கு பிரிய எவ்வளவு வெப்பம் உறிஞ்சுகிறது என்று பார்ப்பது. ஏற்கெனவே பிரிந்த பங்குக்கு உறிஞ்ச ஒன்றும் இல்லை, அதனால் வரைபடத்தில் வரும் மேட்டின் பரப்பு சுருங்கும். பலரும் மேட்டின் உச்சி எந்த டிகிரியில் வருகிறது என்பதை மட்டும் அறிக்கையில் போடுகிறார்கள். குறுக்குப் பிணைப்பு அந்த உச்சியை மேலே தள்ளிவிடும். பார்த்தவுடன் பொருள் உறுதியாகிவிட்டது என்று தோன்றும். பரப்பைப் பார்த்தால் பாதி கயிறு எப்போதோ போயிருக்கும். அகச்சிவப்பு நிறமாலையில் இரண்டு உச்சிகளின் விகிதத்தைச் சொல்லிச் சமாதானம் அடைகிறவர்களும் உண்டு; நானும் அடைந்திருக்கிறேன். ஈரம் கொஞ்சம் மாறினாலே அந்த விகிதம் ஆடும்.

கிருமிநீக்கத்துக்குக் கொடுக்கும் 25 கிலோகிரே காமா கதிர் வேறு விதமான சேதம். உலர்ந்த பஞ்சில் அது புரிகளையே அறுக்கும். அங்கேதான் நான் மேலே திட்டிய ஜெல் பயன்படுகிறது; பட்டைகள் கீழே இழுபடுவதைக் கண்ணால் பார்க்கலாம். முறுக்கு பிரிவதும் புரி அறுவதும் இரண்டு தனி நோய்கள். ஒன்றைப் பார்க்கிற சோதனை மற்றதைப் பார்க்காது. ஜெல்லில் ஏற்றுவதற்கு முன் பாதி மாதிரியை டிரிப்சினில் ஊறவைத்துவிட்டால் ஒரே ஜெல்லில் இரண்டும் தெரியும் என்பதை இவ்வளவு தாமதமாகத்தான் கண்டுகொண்டேன்: டிரிப்சினுக்குப் பிறகும் ஆல்ஃபா பட்டைகள் நின்றால் முறுக்கு நின்றிருக்கிறது.

திசுவிலிருந்து செல்களைக் கழுவி எடுத்துச் சட்டகத்தை மட்டும் வைத்துக்கொள்கிறவர்களுக்கு எஸ்டிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. செல்லை அது அருமையாக எடுக்கும், கூடவே முறுக்கையும் பிரிக்கும். டிரைட்டன் எக்ஸ்-100 என்ற இன்னொரு சோப்பு அந்த விஷயத்தில் எவ்வளவோ சாது. மின்புலத்தில் நூல் இழுத்துக் கொலாஜன் நானோ இழை செய்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2008இல் ஸியூகோலிஸும் சகாக்களும் எழுதிய கட்டுரையின் தலைப்பே, இது அதிகச் செலவில் ஜெலட்டின் செய்கிற வழிதானா என்று கேட்கிறது. அதில் பயன்படும் ஃப்ளோரோ ஆல்கஹால் கரைப்பான் முறுக்கைப் பிரித்துவிடுகிறது. வெளியே நூல் மாதிரி இருக்கிறது, உள்ளே கயிறு இல்லை. படம் மட்டும் அபாரமாக வரும், என் படம் மாதிரியே.

இப்போது எங்கள் கோப்பில் ஒரு பக்கம் கூடியிருக்கிறது. ஊறிய நார், அடித்த கூழ், உலர்ந்த பஞ்சு, அடுப்புக்குப் பின், கிருமிநீக்கத்துக்குப் பின் என்று ஐந்து இடங்களில் பிரிந்த பங்கு எவ்வளவு என்று எழுதுகிறோம். பூஜ்யம் வருவதில்லை, வரும் என்று எதிர்பார்ப்பதும் இல்லை. முந்தைய தொகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஹோமோஜெனைசரைச் சின்னப் பாத்திரத்தில், முப்பது விநாடி அடி, இரண்டு நிமிடம் நிறுத்து என்று ஓட்டுகிறார் அண்ணன். ஒரு தொகுதிக்கு அரை நாள் போகிறது. தெர்மோகப்பிள் கம்பியை அவர் கழற்றவே இல்லை. சிவப்பு டேப்பால் சுற்றி நிரந்தரமாக்கிவிட்டார்.

கரைந்துபோன தொகுதியில் பயன்படுத்தாத பஞ்சு ஒரு ஜாடி மிச்சம் இருந்தது. தூக்கிப்போடலாம் என்று எடுத்தேன். பக்கத்து அறையில் மருந்து வெளியீடு பற்றி வேலை செய்யும் பையன் பார்த்துவிட்டு, "மூணு நாள்ல கரையுமா? எனக்கு அதுதான் வேணும், குடுங்கக்கா" என்றான். ஜாடியில் ஒட்டியிருந்த 'கொலாஜன், முதல்வகை' என்ற சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, மார்க்கரால் 'ஜெலட்டின்' என்று எழுதிக் கொடுத்தேன். தேதியும் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன்.